டிக் போட்ட கட்டத்துக்குள் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் படைப்பாற்றல் கல்வி முறையில் பாடம் எடுத்த நடுநிலைப் பள்ளி ஆசிரியர் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படிநிலைகளை ஒப்பித்துவிடுவார்: அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, எழுதுதல். இதில் மனவரைபடம் என்ற ஒரு படியில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்போம். ஒளிச்சேர்க்கைப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாடத்தைப் படித்தாயிற்று, புரியாத சொற்களை அடிக்கோடிட்டாயிற்று. இப்போது நோட்டைத் திறந்து வரைகிறார்கள். ஒருத்தி நடுவில் 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதி வட்டம் போடுகிறாள். புத்தகத்தில் இருக்கும் ஐந்து துணைத்தலைப்புகளை அதே வரிசையில் ஐந்து வட்டத்துக்குள் எழுதி, கோடு இழுத்து, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் தீட்டுகிறாள். பக்கத்தில் இருப்பவள் நடுவில் ஓர் இலையை வரைகிறாள். வேரிலிருந்து தண்ணீர், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு, மேலே சூரியன். ஆக்ஸிஜன் வெளியே போகும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் 'ராத்திரியில்?' என்று எழுதி வைக்கிறாள். இருவருக்கும் பத்து நிமிடம் ஆகிறது. இருவரும் தலை நிமிரவில்லை, இருவர் கையும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்வையிட வந்தவர் 'மாணவர்கள் மனவரைபடம் வரைந்தனர்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார். நோட்டுகளை வாங்கிப் பார்த்திருந்தாலும் 'மிக நன்று' கிடைத்திருக்கக்கூடியது முதல் நோட்டுக்குத்தான். அதுதான் நேர்த்தியாக இருக்கிறது.

அந்த டிக்தான் உறுத்துகிறது. பிள்ளைகளைச் சும்மா கேட்க வைக்காமல் ஏதாவது செய்ய வைக்கும் செயல்வழிக் கற்றல் பலன் தருமா தராதா என்று பயிற்சிக் கூடங்களிலும் ஆய்வேடுகளிலும் வருஷக்கணக்காக வாதம் நடக்கிறது. இந்த இரண்டு நோட்டும் ஒரே டிக்குக்குள் அடங்கிப்போன பிறகு, 'தரும்' என்று முடிவு வந்தாலும் 'தராது' என்று வந்தாலும் அது எதைப் பற்றிய முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது. என் கருத்து இதுதான்: ஒரு வகுப்பில் எந்தச் செயல்பாடு நடந்தது என்று பதிவு செய்வது கிட்டத்தட்ட ஒன்றையும் பதிவு செய்யாததற்குச் சமம். அந்தச் செயல்பாட்டில் பிள்ளை எதைத் தானாக முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் பதிவாக வேண்டும்.

இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொன்னவர்கள் மிஷலீன் சீ, ரூத் வைலி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 2014-ல் அவர்கள் விரித்துச் சொன்ன சட்டகத்தில் நான்கு நிலைகள் உண்டு. சும்மா கேட்பது கீழ்நிலை. அடிக்கோடிடுவது, பார்த்து எழுதுவது, பொருளைக் கையில் எடுத்துத் திருப்புவது அதற்கு மேல். பாடத்தில் இல்லாத ஒன்றைத் தானே உண்டாக்குவது, அதாவது கேள்வி கேட்பது, காரணம் சொல்வது, தன் சொல்லில் எழுதுவது மூன்றாம் நிலை. இரண்டு பேர் ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் சேர்த்து உருவாக்குவது நான்காவது. மேலே போகப் போகக் கற்றல் ஆழமாகும் என்பது அவர்கள் கணிப்பு. இந்தக் கணக்கில் பச்சை ஸ்கெட்ச் நோட்டு இரண்டாம் நிலை, இலை நோட்டு மூன்றாம் நிலை. 'ராத்திரியில்?' என்பதை வைத்து அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால் நான்காம் நிலை. ஒரே செயல்பாடு, ஒரே பெஞ்சு, மூன்று வெவ்வேறு கற்றல்.

இந்தச் சட்டகத்துக்கும் ஓட்டை உண்டு. இது வெளியே தெரியும் நடத்தையை வைத்துத்தான் நிலை பிரிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை ஆசிரியர் சொல்வதோடு மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். நான்கு பேருக்கு ஒரு சார்ட், ஒரு மார்க்கர் என்று கொடுத்த குழுவில் எழுதுகிறவர் ஒருவர்தான், மற்ற மூவர் பார்வையாளர்கள். படிவத்தில் இரண்டுமே தலைகீழாகப் பதிவாகும்.

225 ஆய்வுகளும் 33 வகுப்புகளும்

கல்லூரி அளவில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்டது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் அதற்கு முன் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மாணவரைச் செயல்பட வைத்த வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் கூடியது. நூறு பேரில் ஐம்பதாவதாக நிற்கும் மாணவர் ஏறத்தாழ முப்பத்திரண்டாவது இடத்துக்கு முன்னேறுவார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், மற்றதில் 21.8 சதவீதம். சாதாரண எண்கள் அல்ல இவை.

ஆனால் எதைச் செயல்வழிக் கற்றல் என்று எண்ணினார்கள்? கருத்தரங்குக்கு வந்த 338 பேரிடம் 'நீங்கள் எதை அப்படிச் சொல்வீர்கள்' என்று எழுதி வாங்கி, அவற்றின் பொதுக் கூறுகளிலிருந்து வரையறையைத் திரட்டினார்கள். நிபுணர் பேசுவதைச் சும்மா கேட்காமல், வகுப்பில் செயல்பாடோ கலந்துரையாடலோ வழியாக மாணவர் கற்றலில் ஈடுபடுவது என்பது அதன் சாரம். நேர்மையான வழிதான். ஆனால் இந்த வலையில், எப்போதாவது ஒரு கணக்கைக் குழுவாகப் போட வைத்த வகுப்பும் விழும். விரிவுரையே இல்லாமல் ஆய்வுக்கூடம் போல முழுப் பருவமும் நடந்த வகுப்பும் விழும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் விரிவுரையும் ஒன்றல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டுப் பத்து விநாடி வாய்திறக்காமல் காத்திருக்கும் பேராசிரியரும், முதுகைக் காட்டிக்கொண்டு குறிப்பு எழுதிப்போடும் பேராசிரியரும் ஒரே பட்டியலில் வந்துவிடலாம். 'வீட்டுச் சாப்பாடு உடம்புக்கு நல்லது' என்பது போன்ற உண்மை இது. சராசரியில் சரி, எந்த வீடு, என்ன சாப்பாடு என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 2011-ல், டெஸ்ஸா ஆண்ட்ரூஸும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழியில் போனார்கள். என்னைப் பொறுத்தவரை விவாதமே திரும்பும் இடம் இதுதான். புதுமுறையில் ஆர்வம் உள்ளவர்களைத் தேடிப்போகாமல், அமெரிக்கக் கல்லூரிகளில் தொடக்கநிலை உயிரியல் நடத்தும் ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 33 வகுப்புகள். பாடம், பரிணாமத்தில் வரும் இயற்கைத் தேர்வு. நடத்துவதற்கு முன்னும் பின்னும் மாணவர்களுக்குச் சோதனை. எவ்வளவு செயல்வழிப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று ஆசிரியரிடம் விவரம். கடைசியில் பார்த்தால், செயல்பாடு அதிகமாக இருந்த வகுப்புக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் தொடர்பே தெரியவில்லை. அவர்கள் சொன்ன விளக்கம் முக்கியமானது. அதுவரை பலன் காட்டிய ஆய்வுகளில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கல்வி ஆய்விலேயே ஊறியவர்கள். மாணவர் எந்த இடத்தில் எந்தத் தவறான எண்ணத்தோடு வருவார் என்று தெரிந்து, அந்த இடத்தைக் குறிவைத்துச் செயல்பாட்டை அமைப்பவர்கள். மற்றவர்கள் செயல்பாட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே 225-ம் 33-ம் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று 'இந்த முறையால் முடியுமா' என்ற கேள்விக்குப் பதில். மற்றது 'சாதாரணக் கைகளில் என்ன ஆகிறது' என்ற கேள்விக்கு. கல்வித் துறை ஆணை போடும்போது கையில் பிடித்திருப்பது முதல் பதிலை. வகுப்பில் வந்து விழுவது இரண்டாவது. ஆசிரியர் சொல்வதை வைத்துக் கணக்கெடுக்கலாம் என்றால் அதுவும் சிக்கல். டயான் எபர்ட்-மே குழு, பயிற்சி முகாம் முடித்துப் போன பேராசிரியர்கள் தங்கள் வகுப்பைப் பற்றிச் சொன்னதை, அவர்கள் அனுப்பிய வகுப்புக் காணொளிகளோடு ஒப்பிட்டது. மாறிவிட்டோம் என்று சொன்னவர்கள் மிகப் பெரும்பான்மை. காணொளியில் முக்கால்வாசிப் பேர் விரிவுரையாகத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. 'கலந்துரையாடல்' என்று அவர்கள் நினைத்ததும் பார்வையாளர் நினைத்ததும் வேறு, அவ்வளவுதான்.

ஓர் அட்டையைத் தூக்குவதில் எத்தனை கெடும்

ஓரளவு இறுக்கமாக வரையறுக்கப்பட்ட முறை ஒன்றை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய சக மாணவர் கற்பித்தலில் ஒரு சுற்று இப்படி: பத்து நிமிடத்துக்குள் சின்ன விளக்கம். பிறகு ஒரு பல்விடைக் கேள்வி. பேசாமல் ஒன்று, இரண்டு நிமிடம் தனியாக யோசனை. வாக்கு. சரியான விடை முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தை மறுபடி விளக்க வேண்டும். எழுபதுக்கு மேலே போனால் சுருக்கமாக முடித்துவிட்டு நகரலாம். இடையில் இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச இரண்டு முதல் நான்கு நிமிடம், பிறகு மறுவாக்கு, கடைசியில் ஆசிரியர் விளக்கம்.

'மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம் என்ன?' என்பது இதற்கு அருமையான கேள்வி. திசைவேகம் பூஜ்யம் என்பதால் முடுக்கமும் பூஜ்யம் என்று பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். புவியீர்ப்பு அங்கேயும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று மீதிப் பேர் வாதாடுவார்கள். 'முடுக்கத்தின் அலகு என்ன?' என்று கேட்டால் வாதாட ஒன்றும் இல்லை. தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் பார்த்து எழுதுவான். இரண்டு வகுப்பிலும் கேள்வி, வாக்கு, கலந்துரையாடல் மூன்றும் 'நடந்தது'.

கெடும் இடங்கள் இன்னும் உண்டு. தனியாக யோசிக்கும் நிமிடத்தைச் 'சிலபஸ் முடியாது' என்று வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. தன் விடையை உறுதி செய்யாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவனோடு வாதாட ஒன்றும் இருக்காது. முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டிவிட்டுப் பேசச் சொன்னால் பேச்சு நின்று, எல்லோரும் பெரும்பான்மை பக்கம் சாய்வார்கள். சரியான விடைக்கு மதிப்பெண் வைத்தால் குழுவில் நன்றாகப் படிப்பவன் மட்டும் பேசுவான். பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் கிளிக்கர் கருவி வாங்கப் பணமில்லையே என்பது மட்டும் பிரச்சினையே இல்லை. கியூபெக் கல்லூரி ஒன்றில் கருவியையும் விடையைத் தூக்கிக் காட்டும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது கற்றலில் வித்தியாசம் வரவில்லை. அ, ஆ, இ, ஈ என்று நான்கு அட்டைகளைத் தடித்த காகிதத்தில் எழுதிக் கொடுத்து, தலைக்கு மேலே தூக்காமல் நெஞ்சோடு பிடிக்கச் சொன்னால், பின்னால் இருப்பவர் பார்க்க முடியாது, ஆசிரியர் பார்க்கலாம்.

ஆக, 'சக மாணவர் கற்பித்தல் நடந்தது' என்று ஒருவர் ஆய்வறிக்கையில் எழுதினால், எனக்குத் தேவை கேள்வித்தாளும் முதல் வாக்கின் சதவீதமும்தான். அந்த இரண்டும் இல்லாத அறிக்கையை நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அளவுகோலும் வளைகிறது

வகுப்பைப் பார்த்துப் பதிவு செய்ய 2013-ல் வந்த கோபஸ் என்ற படிவம் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்பதற்கு மொத்தம் 25 குறியீடுகள். ஐம்பது நிமிட வகுப்புக்கு 25 கட்டங்கள் நிரம்பும். தரத்தைப் பற்றிக் கருத்தே சொல்லக் கூடாது, நடந்ததை மட்டும் குறிக்க வேண்டும் என்பது அதன் பலம். ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் இரு பார்வையாளர்கள் ஒத்துப்போக முடிவது அதனால்தான். பலவீனமும் அதேதான். முடுக்கத்தின் அலகைக் கேட்ட குழுவும் உச்சிப் பந்தைக் கேட்ட குழுவும் ஒரே குறியீடு. இந்தப் படிவத்தை வைத்து 2018-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஓர் ஆசிரியரின் முறை இன்னது என்று சொல்லக் குறைந்தது நான்கு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை வரும் ஆசிரியர் பயிற்றுநரின் பார்வைக் குறிப்பை இதோடு வைத்துப் பாருங்கள். அதுவும் முன்கூட்டியே தெரிந்து, சார்ட்டெல்லாம் தயாராக மாட்டியிருக்கும் நாளில்.

சோதனையிலும் இதே கதை. ஃப்ரீமன் தொகுப்பில் ஆசிரியரே வைத்த தேர்வுகளில் வித்தியாசம் 0.44, கருத்துப் புரிதலைச் சோதிக்கும் வினாத்தொகுதிகளில் 0.88, அதாவது இரண்டு மடங்கு. எந்தத் தாளைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் பாதியாகிறது, இரட்டிப்பாகிறது. 'ஒளிச்சேர்க்கை வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பச்சை ஸ்கெட்ச் நோட்டுக்காரிதான் முழு மதிப்பெண் வாங்குவாள். இலை வரைந்தவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு ஒன்றரை வாங்கலாம்.

முன்னேற்றத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. இயற்பியலில் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் விவரத்தைத் தொகுத்தபோது, கூடிய மதிப்பெண்ணை, கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுத்தார். நாற்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்குப் போன வகுப்பு, அறுபதுக்குப் பதினெட்டு, 0.3. எழுபதிலிருந்து எழுபத்தொன்பதுக்குப் போன வகுப்பும் முப்பதுக்கு ஒன்பது, அதே 0.3. நேராகக் கழித்துப் பார்த்தால் முதல் வகுப்பு இரண்டு மடங்கு கற்றது போலத் தெரியும். அவர் கணக்கில் மரபான வகுப்புகளின் சராசரி 0.23, மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48. ஆனால் அந்த விவரங்கள் கேட்டு வாங்கியவை. சரியாக வராத வகுப்பின் ஆசிரியர் அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று பின்னூட்டப் படிவம் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். ஹார்வர்டில் லூயி டெஸ்லோரியே குழு 2019-ல் வெளியிட்ட இயற்பியல் வகுப்புச் சோதனையில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை திணறுவதை, புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நன்றாகப் பேசும் ஒருவரின் விரிவுரையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வெளியே வருவதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி.

எல்லாப் பள்ளியும் ஒரே ஜூன் மாதத்தில்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரிலேயே நடந்த திட்டம் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையிலிருந்து வந்தது. எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் போய், 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. பாய், சுவரைச் சுற்றித் தாழ்நிலைக் கரும்பலகை, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், சின்னம் போட்ட அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணி. பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்து, ஆசிரியர் உதவி, சக மாணவர் உதவி, தனியாக என்று எந்தக் குழுவோ அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. நடைமுறையில் ஆசிரியர் உதவிக் குழுவில் கூட்டம் தேங்கும். ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படியே இல்லாமல் போகும். அந்தப் படியில் நிற்கும் பிள்ளை பழைய அட்டையை மறுபடி எடுத்து உட்காரும். அதுவும் பார்வைக்குச் செயல்பாடுதான்.

இது கற்றலைக் கூட்டியதா? அளக்க முயன்றால் முதலில் இடறுவது ஏணி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் படியில் இருப்பது இந்த முறையில் தவறே இல்லை, அவரவர் வேகம்தான் அதன் அடிப்படை. வகுப்புவாரியாக வைக்கும் எந்தச் சோதனையும் அந்தப் பிள்ளையைத் தோல்வி என்று எண்ணும். அடுத்தது, ஒப்பிட யாரும் மிச்சம் இல்லை. எல்லா அரசுப் பள்ளியும் மாறிவிட்டது. தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் வீடும் வருமானமும் குறுக்கே வரும். முந்தைய ஆண்டோடு ஒப்பிடலாம் என்றால் 2010-ல் கல்வி உரிமைச் சட்டம், 2010-லும் 2011-லும் சமச்சீர்க் கல்வி, 2012-ல் முப்பருவ முறை என்று ஒன்றன்மேல் ஒன்று. எந்த ஏற்றம் எதனால், எந்த இறக்கம் எதனால் என்று பிரிக்க வழியில்லை. 13 பள்ளிகளாக இருந்த அந்த ஓராண்டில் வழி இருந்தது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபோதும் அப்படியே. ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது நல்ல யோசனை. கொரோனாவில் பள்ளிப் படியே ஏறாத பிள்ளைகளுக்கு அவசரமாகவும் தேவைப்பட்டது. ஆனால் அதே கொரோனாவால் தொடக்கநிலை அளவு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. பள்ளி திறந்ததாலேயே ஏறியிருக்கும் பங்கு எவ்வளவு, முறையால் ஏறிய பங்கு எவ்வளவு என்பதை இனி யாரும் பிரிக்க முடியாது. 'அவசரத்தில் பாதிப் பிள்ளைகளைக் காக்க வைக்கச் சொல்கிறீர்களா' என்று கேட்பார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஒன்றியங்கள் உள்ள மாநிலத்தில் பயிற்சியும் கையேடும் அட்டைப் பெட்டியும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. எப்படியும் பிந்தப்போகும் ஒன்றியங்கள் எவை என்பதை மட்டும் முன்கூட்டியே குலுக்கல் போட்டு எடுத்து, இரண்டு பக்கமும் வெளியாள் ஒருவரைக் கொண்டு ஒரே தாளை வைத்துப் பார்க்கலாம்.